ஹாட் ஏர் பலூன்ல பறக்குறது எப்படி இருக்கும்? உசரத்துல பயமா இருக்காதா?

மொதல்ல பயத்த பத்தி சொல்லிடுறேன், கேள்வியில அதத்தான் அழுத்திக் கேட்டிருக்கீங்க. மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் ஓரமா நின்னு கீழ பாத்தாலே எனக்கு உள்ளங்கால் கூசும். பலூன்ல அது வரவே இல்ல. மாடியில நிக்கும்போது சுவரு நம்ம காலடியில இருந்து தரை வரைக்கும் இறங்குறது கண்ணுக்குத் தெரியுது, அது தான் இம்புட்டு உசரம்னு காட்டிக் குடுக்குது. பலூன் கூடைக்கும் தரைக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது, அதனால ஏதோ மேப்பு பாக்குற நெனப்பு தான் வருது. நெஞ்சு வரைக்கும் பிரம்புக் கூடை இருக்கு, புடிச்சுக்கலாம்.

நான் அலங்காநல்லூர் பக்கம் பிக்கப் வண்டி ஓட்டுறவன். 2025 ஜனவரியில கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கத்துல பலூன் திருவிழா நடந்துச்சுல்ல, அந்த சீசன்ல வந்த ஒரு டீமுக்கு சேஸ் வண்டி ஓட்டுற வேலை கெடச்சுச்சு. சேஸ் வண்டின்னா, பலூன் எங்க இறங்கும்னு அத ஓட்டுறவருக்கே கரெக்டா தெரியாது, அதனால கீழ ஒரு வண்டி வாக்கி டாக்கிய வச்சுக்கிட்டு துரத்திக்கிட்டே போகணும். மேல பாத்துக்கிட்டே ஓட்ட முடியாது, வாய்க்கா பாலத்துல எதிர்ல கரும்பு டிராக்டர் வரும், நம்ம ரிவர்ஸ் எடுத்து முடிக்கிறதுக்குள்ள பலூன் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் போயிருக்கும், இறங்கி டீக்கடையில "அண்ணே பலூன் எந்தப் பக்கம் போச்சு"ன்னு கேட்டா கடையில இருக்குற அத்தன பேரும் ஆளுக்கு ஒரு திசைய காட்டுவாங்க. என்னைய கேட்டா பலூன்ல பாதி த்ரில்லு இந்தத் துரத்தல்ல தான் இருக்கு.

கடைசி நாள் காலையில கூடையில ஒரு எடம் காலியா இருக்கவும் பைலட் என்னையும் ஏறச் சொன்னாரு. பைலட்டு வெளிநாட்டுக்காரரு, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ வச்சே எல்லாம் ஓடுச்சு. ஏறுறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னா, துணிய தரையில விரிச்சு பெரிய ஃபேன் வச்சு உள்ள காத்து ஏத்துவாங்க, பாதி உப்புனதும் பர்னர பத்த வச்சு அந்தக் காத்த சூடாக்குவாங்க. வெளிய இருக்குற காத்து ஒரு கன மீட்டர் சுமார் 1.2 கிலோ இருக்கும், நூறு டிகிரி வரைக்கும் சூடாக்குனா கிட்டத்தட்ட கால் கிலோ கொறையும், அம்புட்டு தான் சூட்சுமம். ஒரு கன மீட்டருக்கு கால் கிலோன்னா ஒண்ணுமில்லாத மாதிரி தெரியும், ஆனா பலூனுக்குள்ள 2,800 கன மீட்டர் இருந்துச்சுன்னா 700 கிலோவ தூக்கிரும், அதுல துணி, கூடை, கேஸ் சிலிண்டர் எல்லாம் போக நாலஞ்சு பேரு நிக்கலாம். வெளிய குளிர் எவ்வளவு இருக்கோ அவ்வளவு தூக்கும், அதான் ஜனவரி விடிகாலை. நம்ம ஊரு மே மாச மதியத்துல இந்தக் கதையே நடக்காது, தரை சூடாகி காத்து தாறுமாறா மேல கெளம்பும், எந்த பைலட்டும் ஏற மாட்டாரு.

தரைய விட்டு எழும்புனது எனக்குத் தெரியவே இல்ல. பக்கத்துல நின்ன க்ரூ தம்பிங்க தலை திடீர்னு கீழ போச்சு, அப்பத்தான் நாம தான் மேல போறோம்னு உறைச்சுச்சு. காத்து அடிக்கவே இல்ல. ஏன்னா காத்து போற அதே வேகத்துல நாமளும் போறோம், அப்புறம் மூஞ்சில எப்படி அடிக்கும்? வடக்க சிறுமலை முழுசா நின்னுச்சு, கிழக்க அழகர்மலை, கீழ பெரியாறு கால்வாய் வளைஞ்சு வளைஞ்சு போகுது, கண்மாய்ல பாதி தண்ணி. நான் தெனம் போற ரோட்டுல எங்க எங்க வளைவு இருக்குன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன், மேல இருந்து பாத்தா அதெல்லாம் கண்மாய்க் கரைக்காகவும் யாரோ ஒருத்தரு காட்டுக்காகவும் வளைச்சது.

சத்தம் தான் ஆச்சரியம். பர்னர் போடாத நேரத்துல கீழ பேசுறது அப்படியே காதுல விழுது. தாழ்வா போய்க்கிட்டு இருந்தப்ப நெல்லு வயல்ல நின்ன ஒரு அம்மா, "ஏய் யாருடா அது, என் வெள்ளாமையில வந்து விழுந்துறாதீங்கடா, அறுப்புக்கு நாலு நாளு தான் கெடக்கு"ன்னு கத்துச்சு. நான் மேல இருந்து "விழ மாட்டோம் அப்பத்தா"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் "தமிழ்ல பேசுறான்டீ"ன்னு பக்கத்து வயலுக்கு சொல்லுச்சு பாருங்க, பைலட்டுக்கு அர்த்தம் புரியாமலே சிரிப்பு வந்துருச்சு.

ஸ்டியரிங் எதுவும் கிடையாது. ஒவ்வொரு உசரத்துலயும் காத்து வேற வேற பக்கம் அடிக்கும், மேல ஏறியும் கீழ இறங்கியும் நமக்கு வேண்டிய காத்த புடிச்சுக்கணும். 1999ல பெர்ட்ரண்ட் பிக்கார்ட், பிரையன் ஜோன்ஸ் ரெண்டு பேரும் சுவிட்சர்லாந்துல கெளம்பி எங்கயும் இறங்காம உலகத்தையே சுத்தி எகிப்துல இறங்குனது கூட இந்த ஏறி இறங்குற வித்தைய வச்சுத்தான். நம்ம பொள்ளாச்சியில கெளம்புன பலூன் காத்து இழுத்துட்டுப் போய் பாலக்காட்டு வயல்ல இறங்குனதும் நியூஸ்ல வந்துச்சே, பாத்திருப்பீங்க.

எங்க ஊருக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, அது ஜல்லிக்கட்டு காளை. வீட்டுக்கு வீடு தொழுவத்துல நிக்கும், தலைக்கு மேல அந்த புஸ்ஸுன்னு வர்ற பர்னர் சத்தத்த கேட்டா கயித்த அறுத்துக்கிட்டு கெளம்பிரும். அதுக்குன்னே சத்தம் கம்மியா எரியிற இன்னொரு பர்னர் வச்சிருக்காங்க, வெளிநாட்டுல பால் மாட்டுப் பண்ணைங்க மேல போறப்ப போடுவாங்களாம். காளைய பாத்தா நான் இங்கிலீஷ்ல "சார், புல், புல்"னு கைய காட்டுவேன், பைலட்டு அத போடுவாரு.

உண்மையான ஆபத்து உசரம் இல்ல, கரண்டு கம்பி. 2012ல நியூசிலாந்து கார்டர்டன்ல பலூன் மின்கம்பியில மாட்டி 11 பேரும் செத்துப் போனாங்க. மேல இருந்து பாத்தா கம்பி கண்ணுக்கே தெரியாது, தரையோட தரையா மங்கிரும், போஸ்ட்ட தான் தேடணும். இதுல பைலட்ட விட நமக்குத் தெரியும்: வயலுக்கு நடுவுல மோட்டார் ரூம் இருந்தா அதுக்கு ஒரு லைன் கட்டாயம் வரும், போஸ்ட்டு மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருந்தாலும் வரும். ஒரு தரிசு நிலத்த பாத்து இறங்கலாம்னு அவரு கை காட்டுனாரு, ஓரத்துல மோட்டார் ரூம் இருந்துச்சு, நான் நோ நோன்னு சொன்னதும் மறுபேச்சு பேசாம பர்னர இழுத்துட்டாரு. தாண்டும்போது குனிஞ்சு பாத்தா வேப்பமரத்துக்கு அடியில மூணு கம்பி.

இறங்குனது அடுத்த ஊரு பொட்டல்ல. முட்டிய மடக்கி, போற திசைக்கு முதுக காட்டி, உள்ள இருக்குற கயித்த புடிச்சுக்கணும். கூடை ஒரு தட்டு தட்டி, கொஞ்ச தூரம் தரதரன்னு இழுத்து, சாஞ்சு நின்னுச்சு. பைலட்டு செவப்புக் கயித்த இழுத்தா உச்சியில துணி தொறந்து சூடு வெளிய போயிரும். அதுக்குள்ள ஊரே கூடிருச்சு, யாரும் கூப்பிடாமலே இளவட்டங்க துணிய சுருட்ட வந்துட்டாங்க, பைக்குள்ள திணிக்க முடியலன்னு மேல ஏறி உக்காந்து அமுக்குனாங்க.

1783 செப்டம்பர்ல பிரான்ஸ்ல மோன்கோல்ஃபியர் சகோதரர்கள் ராஜா முன்னாடி பலூன் விட்டப்ப அதுல ஏத்துனது ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மூணும் உசுரோட இறங்கவும் நவம்பர்ல மனுசன் கயிறு கட்டாம பறந்தான். வாத்து தானா பறக்கும், அத எதுக்கு ஏத்துனாங்கன்னு நானும் யோசிச்சேன், உசரம் பறவைக்கு ஒண்ணும் பண்ணாதுங்கிறதால அது ஒத்துப் பாக்குறதுக்காம்.

நீங்க போறதா இருந்தா கயிறு கட்டி மேல தூக்கி இறக்குறதோட நிக்காதீங்க, அது ராட்டினம் மாதிரி தான், கயிறு இல்லாம போறது தான் பலூன். காட்டன் துணி, ஷூ போட்டுட்டுப் போங்க, தலைக்கு ஒரு தொப்பி கட்டாயம், பர்னர் சூடு நேரா உச்சந்தலையில இறங்கும், ஆளு உசரமா இருந்தா இன்னும் மோசம். கெளம்புறதுக்கு முன்னாடி பைலட்டு சின்னதா ஒரு பலூன விட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பாரு, மேல காத்து எப்படி இருக்குன்னு அதுல தெரிஞ்சுக்குவாரு. அது பாத்துட்டு இன்னைக்கு இல்லன்னு சொன்னாருன்னா காசு குடுத்திருக்கோம்னு சண்டைக்குப் போகாம அடுத்த நாளுக்கு மாத்திக்கோங்க.