றக்பி வீரர் பயிற்றுநராகும்போது: தலைமைப் பதவியா, உதவிப் பதவியா?

கேள்வி: கொழும்பில் கழக மட்டத்தில் றக்பி விளையாடுகிறேன். வயது 31. முழங்காலில் இரண்டாவது அறுவைச் சிகிச்சையும் முடிந்துவிட்டதால், இன்னும் ஒரு பருவகாலம் ஆடுவதே அரிது. நான் படித்த பாடசாலை, 16 வயதுக்குட்பட்ட அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக வரும்படி அழைக்கிறது. ஒரு கழகமோ தற்காப்பை மட்டும் கவனிக்கும் உதவிப் பயிற்றுநர் பதவியைக் குறைந்த ஊதியத்துக்குத் தர முன்வந்துள்ளது. நான் ஃப்ளை-ஹாஃப் (ஆட்டத்தை நடத்திப் பந்தை உதைக்கும் இடம்), தற்காப்பில் பெயர் எடுத்தவன் அல்லன். எதை ஏற்பது?

பதில்: அந்தக் குறைந்த ஊதியத்தில் வீட்டுச் செலவைச் சமாளிக்க முடியுமென்றால், கழகத்தின் உதவிப் பதவியையே ஏற்றுக்கொள்ளுங்கள். தற்காப்பு உங்களுக்குப் பழக்கமில்லாத துறை என்பதைத் தயக்கத்துக்குரிய காரணமாகச் சொல்கிறீர்கள்; அதை ஏற்பதற்கு அதுவே வலுவான காரணம் என்பது என் கருத்து.

உங்கள் நிலைக்கு மிக அருகில் வரும் முன்னுதாரணம் ரொனான் ஓகாரா. அவரும் ஃப்ளை-ஹாஃப்தான். அயர்லாந்துக்காக 128 போட்டிகளில் 1,083 புள்ளிகள் சேர்த்தவர். அயர்லாந்தின் மன்ஸ்டர் அணியோடு 2006இலும் 2008இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றவர். 2009இல் கார்டிஃப் மைதானத்தில் இறுதி நிமிடங்களில் அவர் உதைத்த ட்ரொப் கோலே (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது உதைக்கும் கோல்), 61 ஆண்டுகளுக்குப் பிறகு அயர்லாந்துக்கு கிராண்ட் ஸ்லாமை, அதாவது ஆறு நாடுகள் தொடரின் எல்லாப் போட்டிகளிலும் வெற்றியை, பெற்றுத் தந்தது. இவ்வளவு பெயரும் புகழும் இருந்தும், 2013இல் தமது 36ஆவது வயதில் ஓய்வு பெற்றதும், சொந்த மண்ணில் ஒரு பெரிய பதவி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பாரிஸின் ரசிங் கழகத்தில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தார். அங்கே அவர் கையில் எடுத்த பொறுப்புகளில் ஒன்று தற்காப்பு.

அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாகவே இருந்திருக்கும். எதிரணிகள் வேண்டுமென்றே அவர் நிற்கும் பக்கமாகத் தாக்குவது வழக்கம். 2009இல் பிரிட்டோரியாவில் பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ் அணிக்காக அவர் ஆடியபோது, தென்னாபிரிக்காவின் ஜாக் ஃபூரி அவரது டேக்கிளை (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தும் முயற்சி) உடைத்துக்கொண்டு போய் டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தல்) வைத்த காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஆனால் உடம்புக்கு இயல்பாக வந்த வித்தையை வார்த்தையில் பிரித்துச் சொல்வது கடினம். பாடுபட்டுக் கற்றதைத்தான் படிப்படியாக விளக்க முடியும்.

டேக்கிளையே எடுத்துக்கொள்ளுங்கள். "தாழ்ந்து பிடி" என்று எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவர் விளைவைச் சொல்கிறாரே தவிர, வழியைச் சொல்வதில்லை. நல்ல பயிற்றுநர் பார்ப்பது வேறு. முன்கால் பந்து வைத்திருப்பவருக்கு அருகில் ஊன்றியதா, பக்கவாட்டில் பிடிக்கும்போது தலை அவர் ஓடும் பாதைக்குக் குறுக்கே போகாமல் பின்பக்கம் நின்றதா, கண்கள் திறந்திருந்தனவா, தோள் பட்டதும் கைகள் இறுக்கினவா, அதன் பிறகும் கால்கள் உந்தினவா. தவறிய ஒரு டேக்கிளைக் காணொளியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பெரும்பாலும் பிழை கைகளில் இருக்காது; ஓரடி முன்னதாகவே நின்றுவிட்ட அந்தக் காலில்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் பழக்கம், ஒரே துறையைப் பல மாதங்கள் விடாமல் கவனிப்பவருக்கே வாய்க்கும். தலைமைப் பயிற்றுநருக்கோ அணித் தேர்வு, பெற்றோர், போக்குவரத்து, பழைய மாணவர்களின் எதிர்பார்ப்பு எல்லாம் முதல் வாரமே தோளில் ஏறிவிடும். இலங்கையின் பாடசாலை றக்பியில் அந்தச் சுமை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

ரசிங் 2016இல் பிரான்ஸின் உயர்மட்டக் கழகத் தொடரான டொப் 14 பட்டத்தை வென்ற பிறகும் ஓகாரா அவசரப்படவில்லை. 2018இல் நியூஸிலாந்து சென்று, குருசேடர்ஸ் அணியில் ஸ்கொட் றொபர்ட்சனின் கீழ் மறுபடியும் உதவியாளராகவே பணியாற்றினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அணி சுப்பர் றக்பி பட்டம் வென்றது. 2019இல் பிரான்ஸின் லா ரோஷெல் கழகத்துக்கு வந்தபோதும், ஜோனோ கிப்ஸ் அவருக்கு மேலே இருந்தார். 2021இல் அந்த அணி ஐரோப்பிய இறுதிப் போட்டியிலும் டொப் 14 இறுதிப் போட்டியிலும் துலூஸிடம் தோற்றது. அதன் பிறகே முழுப் பொறுப்பும் ஓகாராவிடம் வந்தது. 2022இல் மார்செயில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியில், ஆட்டத்தின் பெரும்பகுதி பின்தங்கியிருந்த லா ரோஷெல், கடைசி நேரத்தில் கோட்டருகே மோதி மோதி டிரை வைத்து அயர்லாந்தின் லெய்ன்ஸ்டரை 24-21 என வீழ்த்தியது. அடுத்த ஆண்டு டப்ளினில் நடந்த இறுதிப் போட்டியிலும் அதே அணியை, 0-17 என்ற நிலையிலிருந்து மீண்டு 27-26 என வென்றது. ஓய்வுக்கும் முழுப் பொறுப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

இது ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. நியூஸிலாந்தின் வாரன் கட்லண்ட், அந்நாட்டுத் தேசிய அணியான ஆல் பிளாக்ஸுடன் சுற்றுப்பயணங்கள் சென்றும், ஷோன் ஃபிட்ஸ்பற்றிக் என்ற பெரும் ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்) அந்த இடத்தில் இருந்ததால், நாடுகளுக்கிடையிலான ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆடாதவர். அவர் அயர்லாந்தின் கோல்வேயில் சிறியதொரு கழகத்தில் விளையாடிக்கொண்டே பயிற்றுவிக்கத் தொடங்கி, பின்னாளில் அயர்லாந்து, வேல்ஸ் தேசிய அணிகளின் தலைமைப் பயிற்றுநரானார். ஆனால் அவர் ஆசிரியராகவும் இருந்தவர். கற்பிக்கும் பழக்கம் அவருக்கு வேறிடத்திலிருந்து வந்தது.

பாடசாலையின் அழைப்பையும் அடியோடு மறுத்துவிட வேண்டாம். வாரத்தில் ஒருநாள் தற்காப்புப் பயிற்சி தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். சிறுவர்களுக்கு விளங்கும்படி சொல்லப் பழகினால் பெரியவர்களுக்குச் சொல்வது எளிதாகும்.

சான்றிதழ் வேலையை ஓய்வு வரை தள்ளிப்போடாமல் இப்போதே தொடங்குங்கள். வேர்ல்ட் றக்பி அமைப்பின் பயிற்றுநர் படிப்பு முதல் மட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே செல்கிறது. காயத் தடுப்பு, தலை அதிர்ச்சி, விதிமுறைகள் பற்றிய அதன் இணையப் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். இவற்றில் தலை அதிர்ச்சிப் பாடத்தை முதலில் முடியுங்கள். மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே அந்த வீரரை உடனே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்கு அவர் திரும்பி ஆடக் கூடாது என்ற விதியில், எந்தப் பெற்றோர் கெஞ்சினாலும், எந்தத் தலைவர் கோபித்தாலும், நீங்கள் தளரக் கூடாது.

கழகத்தோடு ஒப்பந்தம் செய்யும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்: ஒவ்வொரு பயிற்சியிலும் தற்காப்புக்கென்று ஒதுக்கிய நேரம், போட்டிக் காணொளிகளைப் பார்க்கும் வசதி, அணித் தேர்வுக் கூட்டத்தில் உட்காரும் உரிமை. ஊதியத்தில் விட்டுக்கொடுத்தாலும் கடைசியாகச் சொன்னதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு தலைமைப் பயிற்றுநர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை அந்த அறையில்தான் பார்த்துக் கற்க முடியும்.