கோபுரத்துக்குப் பின்னால் ஒரு 'கோல்ட்' ஆசனம்: காசைத் திருப்பிக் கேட்கலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"மூன்று கிழமைக்கு முன்னால் கொழும்பில் ஓர் உள்ளரங்கில் நடந்த பெரிய ரொக் இசை நிகழ்ச்சிக்கு நானும் தம்பியும் இரண்டு சிநேகிதிகளும் போனோம். சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. இணையத்தில் ஆசன வரைபடத்தைப் பார்த்து, மேடைக்கு நேரே நடுவில், 'கோல்ட்' பகுதியில் இலக்கமிட்ட நாலு ஆசனம் எடுத்தோம். ஒன்று 15,000 ரூபா. அங்கே போனால் எங்கள் இலக்கமே இல்லை. வரிசை மாறிவிட்டது என்று சொல்லி, இடப்பக்க மூலையில் ஒலிபெருக்கி தொங்கும் இரும்புக் கோபுரத்துக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பாடகரைக் கம்பிகளுக்கு இடையால்தான் பார்த்தோம். பாட்டில் ஒரு சொல் விளங்கவில்லை, நெஞ்சில் இடி மட்டும்தான். தம்பிக்கு இரண்டு நாள் காது இரைந்தது. ஏற்பாட்டாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டால், ஒலி என்பது அவரவர் ரசனை, ஆசனம் மாற்றப்படலாம், காசு திருப்பித் தரப்படாது என்று டிக்கெட்டிலேயே இருக்கிறது என்கிறார்கள். 6,000 ரூபா டிக்கெட்காரர்கள்கூட எங்களைவிட நன்றாகப் பார்த்தார்கள், கேட்டார்கள். நாலு டிக்கெட் காசும் வேன் ஹயரும் கேட்கலாமா? தமிழில் எழுதிக்கொடுத்தால் எடுப்பார்களா?"

கேட்கலாம் டீச்சர். ஆனால் உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி ஒலியைப் பற்றித்தான் இருக்கிறது, ஆசனத்தைப் பற்றி நாலு வரிதான். முறைப்பாட்டையும் இப்படியே எழுதினீர்கள் என்றால் தோற்றுப்போவீர்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும்.

ஒலி சரியில்லை என்று மட்டும் சொன்னால் எதிர்த்தரப்புக்குச் சுலபம். அன்றைக்கு ஆயிரக்கணக்கான பேர் கைதட்டிய வீடியோவைக் காட்டுவார்கள். விளையாட்டுக்காகக் கட்டிய மண்டபத்தில் இசைத்தட்டில் கேட்பது போலக் கேட்கும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்க்காது. பீட்டில்ஸ் குழு 1965 ஓகஸ்ட் 15இல் நியூயோர்க் ஷே மைதானத்தில் 55,000க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் வாசித்தபோது, ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்று சொன்னவர்கள் அவர்களேதான். அன்றையிலிருந்து கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனால் சுவரும் தகரக் கூரையும் மாறவில்லை. கொழுந்து மலையில் நின்று எதிர்மலைக்குக் குரல் கொடுத்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வருகிறதல்லவா, மண்டபத்திலும் அதுதான் நடக்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகும். பின்சுவர் 50 மீற்றர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப 100 மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 0.3 விநாடி. அதற்குள் பாடகர் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார், பழைய சொல் வந்து அதன்மேல் விழும். இதற்காக ஏற்பாட்டாளரைப் பிடிக்க முடியாது.

உங்கள் விஷயம் அது இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி, அதில் சுற்றிய கறுப்பு வயர், மேலே தொங்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முதுகு தெரிகிறது. முதுகுதான் தெரிகிறது, கவனியுங்கள். அந்தப் பெட்டிகள் சனத்தைப் பார்த்து முன்பக்கம்தான் ஒலியை வீசும். சொல்லைச் சொல்லாக விளங்க வைக்கும் மேல் சுரங்கள் டோர்ச் வெளிச்சம் மாதிரி, திருப்பிய பக்கம் மட்டும் போகும். அடித்தொனி அப்படியில்லை, அது நாலாபக்கமும் பரவும். ஆகவே பெட்டிக்குப் பின்னால் இருப்பவருக்கு இடி கேட்கும், பாட்டு கேட்காது. நீங்கள் "ஒரு சொல் விளங்கவில்லை, நெஞ்சில் இடி மட்டும்தான்" என்று எழுதியதற்குக் காரணம் உங்கள் ரசனையும் இல்லை, மண்டபத்தின் எதிரொலி மட்டும் என்றும் சொல்ல முடியாது. உங்களை உட்கார வைத்த இடம். அதைத் தீர்மானித்தவர்கள் அவர்கள்.

இப்போது வழக்கு நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. நடுப்பகுதி, இலக்கமிட்ட ஆசனம், கோல்ட் என்று விற்றார்கள், கொடுத்தது வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் உங்களுக்கு உதவும். 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடக்கக்கூடாது என்கிறது. 31, சேவை இன்ன தரம், இன்ன வகுப்பு என்று பொய்யாகச் சொல்லக்கூடாது என்கிறது. 32, சேவை வழங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வோம் என்ற உறுதி அடங்கியிருக்கிறது என்கிறது. இசை நிகழ்ச்சியும் சேவைதான். ஒலிபெருக்கிக் கோபுரத்தின் முதுகுப் பக்கம் கதிரை போட்டு அதைக் கோல்ட் விலைக்குரிய இடமாகக் கொடுப்பதில் கவனமும் இல்லை, திறமையும் இல்லை. ஒலியைப் பற்றி எழுத வேண்டியது இந்த இடத்தில்தான், ஆசனத்தோடு கட்டி எழுத வேண்டும், தனியாக வேண்டாம்.

அடுத்தது அந்தச் சின்ன எழுத்து. இதற்கு நிறையப் பேர் பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிகவும் கவலை. டிக்கெட்டில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. முதலில் பார்க்க வேண்டியது, அந்த நிபந்தனையை உங்களுக்கு எப்போது காட்டினார்கள் என்பது. காசு கட்டுவதற்கு முன்னால் திரையில் வந்ததா, அல்லது கட்டி முடித்த பிறகு மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தீர்களா? 1970இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கார் தரிப்பிட டிக்கெட் வழக்கில் சொன்னது இதைத்தான்: ஒப்பந்தம் முடிந்த பிறகு நீட்டிய காகிதத்தில் இருக்கும் விலக்கு நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் சேராது. அது எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு எடுத்துக் காட்டலாம். இனி, முன்கூட்டியே காட்டியிருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது, இப்படிப்பட்ட நிபந்தனை நியாயமானதா என்று அதன் கீழ் கேட்கலாம். மழை, பாதுகாப்பு என்று உண்மையான காரணத்துக்காக நாலு வரிசை தள்ளி உட்கார வைத்தால் அது நியாயம். நடுவிலிருந்து தூக்கி மூலையில் கோபுரத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு ஒரு சதமும் தரமாட்டோம் என்பது வேறு.

தம்பியின் காதை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், நான் முடிக்க மாட்டேன். உலக சுகாதார அமைப்பு 2022இல் இசை நிகழ்ச்சிகளுக்கு வெளியிட்ட தரத்தில், 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. அது இங்கே சட்டம் இல்லை, சர்வதேசப் பரிந்துரை, ஆனால் கவனம் என்றால் என்ன என்பதற்கு நல்ல அளவுகோல். இரைச்சல் நின்றுவிட்டது என்றால் நல்லது. திரும்ப வருகிறது, டிவி சத்தத்தைக் கூட்டிக் கேட்கிறார் என்றால் உடனே ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வழக்குக்காக இல்லை, காதுக்காக. கிளினிக்கில் தரும் துண்டைப் பத்திரமாக வையுங்கள். கவனக்குறைவால் உடம்புக்கு வந்த பாதிப்புக்குப் பொறுப்பில்லை என்று டிக்கெட்டில் எழுதித் தப்ப முடியாது, நான் மேலே சொன்ன 1997ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

சரி, எவ்வளவு கேட்பது? இதில் நான் உங்களைச் சந்தோஷப்படுத்தப் போவதில்லை. கடைசிவரை இருந்து பார்த்துவிட்டு முழுக் காசையும் கேட்டால், குறைந்தபட்சம் ஏதோ ஒன்றை அனுபவித்தீர்கள்தானே என்பார்கள், அதில் ஞாயமும் இருக்கிறது. நடுவில் எழும்பி வந்திருந்தால் வேறு கதை, ஆனால் நள்ளிரவில் கொழும்பில் வேன் வரும்வரை நாலு பேர் எங்கே நிற்பது என்பதும் எனக்குத் தெரியும். வேன் ஹயர், நல்ல ஆசனம் கிடைத்திருந்தாலும் நீங்கள் செலவழித்திருக்க வேண்டிய காசு. அதை எழுதினால் கடிதத்தின் பலம் குறையும், விட்டுவிடுங்கள். உறுதியாகக் கேட்கக்கூடியது வித்தியாசம். உங்களுக்குக் கிடைத்தது 6,000 ரூபா இடத்தைவிட மோசம், இருந்தாலும் அந்த விலையை எடுத்தால் ஓர் ஆளுக்கு 9,000, நாலு பேருக்கு 36,000 ரூபா. முதல் கோரிக்கையாக முழுத் தொகை 60,000ஐயும், மாற்றாகக் குறைந்தது இந்த 36,000ஐயும் கேளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த இணையத்தளத்தில் ஆசன வரைபடம் இன்னும் இருந்தால் போனில் படம் பிடித்து வையுங்கள், நிகழ்ச்சி முடிந்த பிறகு அதைக் கழற்றிவிடுவார்கள். காசு கட்டிய மின்னஞ்சல், டிக்கெட், வாட்ஸ்அப் உரையாடல், அன்று எடுத்த படங்கள் எதையும் அழிக்க வேண்டாம். போனில் இருப்பதெல்லாம் சாட்சி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. 2023 செப்டெம்பர் 10 அன்று சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்களே, பிறகு ரஹ்மான் தரப்பு டிக்கெட் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லித்தான் கேட்டது. பிரதி இல்லாதவர் என்ன செய்வது?

பிறகு ஏற்பாட்டாளருக்கு ஒரு பக்கக் கடிதம். திகதி, டிக்கெட் இலக்கம், வரைபடத்தில் இருந்த இடம், கொடுத்த இடம், தொகை, 14 நாள் அவகாசம். பதிவுத் தபாலில் போடுங்கள், தபால் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். டிக்கெட் விற்ற தளத்துக்கும் ஒரு பிரதி. கோபத்தை அதில் காட்ட வேண்டாம். கார்டில் காசு கட்டியிருந்தால் உங்கள் வங்கிக்கும் எழுதி, வாங்கிய சேவை வேறு, கிடைத்தது வேறு என்று தகராறு பதியச் சொல்லுங்கள். அதற்கும் நாள் கணக்கு உண்டு, ஆகவே 14 நாள் முடியும்வரை அதைத் தள்ளிப் போட வேண்டாம்.

பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 1977க்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் அழைப்போடு நிறுத்தாதீர்கள், முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். சேவை கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று கிழமை ஏற்கெனவே போய்விட்டது, 3 மாதம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், நான் என்றால் இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுவேன். நுவரெலியா மாவட்டச் செயலகத்தில் விசாரித்துப் பாருங்கள், கொழும்புக்கு ஓட வேண்டிய அவசியம் இருக்காது. விசாரணைக்குப் பிறகு நட்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

தமிழில் எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதலாம், எழுதுங்கள். அரச அலுவலரோடு தமிழில் எழுதவும் பேசவும் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது, அது சலுகை இல்லை. கௌண்டரில் இருப்பவர் சிங்களத்தில் எழுதிக் கொண்டு வா என்றால், மரியாதையாக, இதைப் பொறுப்பேற்று முத்திரை குத்தித் தாருங்கள் என்று சொல்லுங்கள். முத்திரை குத்திய பிரதி கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள். மலைநாட்டில் எத்தனையோ நல்ல முறைப்பாடுகள் இந்தக் கௌண்டரில்தான் செத்துப்போகின்றன.

நேரே வழக்குப் போடலாமா என்றால், 36,000 ரூபாவுக்கு வேண்டாம். இந்த அளவு தொகை முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, வரவும் முடியாது, நீங்களே பேச வேண்டும், பேசுவீர்கள். எதிர்த்தரப்பு கொழும்பில் இருப்பதால் பயணச் செலவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட, உங்களோடு அந்த மூலைக்கு மாற்றப்பட்ட மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒரே வரிசையில் இருந்து பத்து முறைப்பாடு வந்தால் ஏற்பாட்டாளர் தானாகவே பேச வருவார்.

இனி போகும் நிகழ்ச்சிக்கு, காசு கட்டுவதற்கு முன்னால் ஒலி கலக்கும் மேசை எங்கே வைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். அதில் இருப்பவர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்வார், ஆகவே அந்த மேசைக்குப் பக்கத்திலோ ஒரு வரிசை முன்னாலோ நடுவில் இருந்தால் பாட்டு பாட்டாகக் கேட்கும். நானும் அப்படித்தான் எடுப்பேன், முன்வரிசை மூலையைவிட அது அநேகமாக மலிவாகவும் இருக்கும். பல்கனிக்கு அடியில் ஆழமாக உள்ளே வேண்டாம், மேல் சுரங்கள் அங்கே வந்து சேராது. தம்பிக்கு பாமசியில் விற்கும் காதடைப்பான் ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள். கேட்ட கேள்விக்கு வந்த பதிலை மட்டும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.