முதலில் விளக்கைப் பிடிக்கட்டும்

ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பை முடித்த மகள், திருமணப் புகைப்படக்காரர் ஆகப் போகிறேன் என்கிறாளாம். நல்ல மதிப்பெண். பெரியப்பா கணினிப் பொறியியலுக்கு இடம் பார்த்துவிட்டார், முன்பணத்துக்குக் கடனும் வாங்கலாம் என்கிறார். அத்தைக்கு, ஊர் ஊராக அலைந்து நடு ராத்திரியில் வீடு திரும்புகிற வேலை பெண்ணுக்கு எதற்கு என்ற கவலை. இரண்டு பக்கத்துக்கும் சமாதானமாக அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்: பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடப் புகைப்பட டிப்ளமா. அதன் கட்டணம் ஏறக்குறைய பொறியியலுக்கு ஆகிற அளவு. “என்ன செய்வது என்றே தெரியவில்லை” என்று கடிதம் முடிகிறது.

ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆறுதல் சொல்வதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் மகளைத் தவிர மற்ற எல்லோரும் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டத் தயாராக இருக்கிறீர்கள்.

பெரியப்பாவின் கணக்கை முதலில் பார்ப்போம். விருப்பமில்லாத நான்கு வருடப் படிப்புக்குக் கடன் வாங்கினால், பட்டம் கிடைக்கிறதோ இல்லையோ, தவணை வந்துவிடும். அதைக் கட்டப்போவது பெரியப்பா இல்லை. கணினித் துறையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்ல வழிதான். உங்கள் மகள் மூன்று வருடமாகக் கையில் கிடைத்த கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்று நீங்களே ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கணினியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அம்மாவின் டிப்ளமாவுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். திருமணத்துக்குப் புகைப்படக்காரரைத் தேடும் குடும்பம் சான்றிதழ் கேட்பதில்லை. நீங்கள் எடுத்த ஒரு முழுத் திருமணத்தைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கும், விவரம் தெரிந்த குடும்பமாக இருந்தால். சிறந்த இருபது படங்களை யார் வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். காலை வெயிலிலிருந்து இரவு மேடை விளக்கு வரை ஒரே நிகழ்ச்சியின் 400 படங்களும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா என்பதில்தான் தொழில் தெரியும். அதை வகுப்பறையில் கற்றுத்தர முடியாது. வகுப்பறையில் மாடல் அசையாமல் நிற்பார், விளக்கு வைத்த இடத்திலேயே இருக்கும், தப்பினால் மறுபடி எடுக்கலாம்.

ஊடகப் படிப்பு, காட்சித் தொடர்பியல் பட்டம் பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது. திருமணப் படக் குழுவில் முதலில் விளக்கு உதவியாளர், பிறகு இரண்டாம் கேமரா. தொழிலில் அவரை செகண்ட் ஷூட்டர் என்பார்கள். கூலி உண்டு, பெயர் இல்லை. ஆல்பத்தில் எங்கேயும் அவர் பெயர் வராது என்பதால்தானோ என்னவோ, இதை ஒரு வழியாகவே யாரும் நினைப்பதில்லை.

விளக்கைப் பிடிப்பது எடுபிடி வேலைபோலத் தெரியும். ஒரு கம்பத்தில் ஃபிளாஷை மாட்டி, கேமராக்காரர் நகரும்போதெல்லாம் கூடவே நகர வேண்டும். படத்தில் வருபவரிடமிருந்து அவள் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தபோது சரியாக இருந்த வெளிச்சம், இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிவிடும். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்று. ஒன்றிலிருந்து 1.4 மீட்டருக்கு நகர்ந்தாலே பாதி போய்விடும். இதைப் புத்தகத்தில் வாய்பாடாகப் படித்தவர்கள் மறந்துவிடுவார்கள். கூட்டத்தில் யாரோ இடித்து அரை மீட்டர் பின்னால் போய், அதனால் ஒரு படம் இருண்டு, கேமராக்காரரிடம் திட்டு வாங்கியவள் மறக்கமாட்டாள். வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பினால் முகத்தில் மெத்தென்று விழும் ஒளி, பச்சைக் கூரையில் அடித்தால் முகங்களையும் பச்சையாக்கும் என்பதும், கூரை மிக உயரமாக இருந்தால் போன ஒளி திரும்பியே வராது என்பதும் இப்படித்தான் படியும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: மஞ்சள் பல்புகள் ஏறக்குறைய 3200 கெல்வின், ஃபிளாஷ் 5500 கெல்வினை ஒட்டியது. இரண்டும் கலந்தால் முகம் நீலம், பின்னணி ஆரஞ்சு. ஃபிளாஷின் வாயில் ஒரு ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டினால் இரண்டும் ஒன்றாகும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அந்தத் தாளை எடுப்பதா வேண்டாமா என்று சொல்லாமலே தெரிந்துகொள்ள ஏழெட்டு நிகழ்ச்சிகள் ஆகும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கையில் இரண்டாம் கேமரா வரும். முதல் கேமராக்காரர் மணமக்களை நேராக எடுக்கும் அந்த இரண்டு நொடியில், இவள் எதிர்ப்பக்கம் நின்று பெற்றோர் முகத்தை எடுக்க வேண்டும். முதல் கேமராக்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று அதே படத்தை எடுப்பவர் அடுத்த நிகழ்ச்சிக்கு அழைக்கப்படமாட்டார். இரண்டு கேமராவிலும் ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, தானியங்கியில் விடாமல் ஒரே கெல்வின் எண்ணில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடிட்டிங் மேசையில் ஒரே உடை இரண்டு நிறமாகத் தெரியும். காலையில் முதல் வேலை, இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்குவது. நான்கு நிமிடம் வித்தியாசம் இருந்தால்கூட, படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது மாலை போடும் முன்பே கைதட்டல் வந்துவிடும்.

இனி எண்கள். ஷட்டர் என்பது ஒளி உள்ளே வரும் நேரம், நொடியில் ஒரு பங்கு. நடந்து வருபவர்களுக்கு ஷட்டர் 1/200, ஆடுபவர்களுக்கு 1/500, நின்று பேசுபவர்களுக்கு 1/125 போதும். கை நடுக்கத்துக்குப் பழைய விதி, லென்ஸின் மி.மீ. எண்ணே ஷட்டரின் கீழ் எண்: 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200. லென்ஸிலோ கேமராவிலோ அதிர்வுத் தடுப்பு இருந்தால் இதற்குக் கீழேயும் போகலாம், ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், எதிரே இருப்பவர் அசைவதைத் தடுக்காது. புதியவர்கள் விழுகிற குழி இது. இன்னொரு குழி, அகலத் திறந்த லென்ஸின் மோகம். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு அகலும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டரில் எடுத்தால், முழு அளவு சென்சாரில் (ஒளியைப் பதியும் தகடு) கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ. மணமகன் கண் தெளிவாக, அரையடி பின்னால் நிற்கும் மணமகள் மங்கலாக. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘கலை’ என்று யாரிடமும் வாதாட முடியாது. இருவருக்கு எஃப் 4, இரண்டு வரிசைக் குழுவுக்கு எஃப் 5.6, மூன்று வரிசைக்கு எஃப் 8. இருட்டினால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200, 6400 என்று ஏற்றத் தயங்கக் கூடாது. அதனால் புள்ளி புள்ளியாகும் படத்தை மென்பொருள் சரிசெய்யும், அசைந்த படத்தை எதுவும் சரிசெய்யாது.

ஃபிளாஷ் போடும்போது ஷட்டர் 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் படத்தின் ஓரம் கறுத்துவிடும், ஷட்டர் திரைகள் முழுதாகத் திறந்திருக்கும் நேரம் அந்த வேகத்தோடு முடிந்துவிடுவதால். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் ஃபிளாஷ் பல சிறு ஒளிகளாகத் தொடர்ந்து அடிக்கும் அதிவேக ஒத்திசைவு இருக்கிறது, ஆனால் ஃபிளாஷின் பலம் சரிந்து பேட்டரியைத் தின்னும்.

இந்தக் காலத்தில் அதிகம் கெடுப்பது எல்இடி. விநாடிக்கு 50 சுழற்சி மின்சாரம் உள்ள நாட்டில் விளக்குகள் 100 முறை மினுங்கும், 60 சுழற்சி உள்ள நாட்டில் 120 முறை. சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, முதல் வகை நாட்டில் 1/100, இரண்டாவதில் 1/125 வைத்தால் பெரும்பாலும் தீரும். மேடை எல்இடிகள் தங்கள் சொந்த வேகத்தில் மினுங்குபவை, அவற்றை முன்கூட்டியே பத்துப் படம் எடுத்துப் பார்த்துத்தான் சமாளிக்க முடியும். ஊதா விளக்கு முகத்தில் முழுதாக விழுந்துவிட்டால் ரா ஃபைலாலும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) மீட்க முடியாது. ஆளை இரண்டடி நகர்த்தச் சொல்லும் துணிச்சல்தான் அங்கே மருந்து.

எடுத்தபின்தான் பாதி வேலை. 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 25 முதல் 30 எம்பி. ஒரு நாளில் 3000 படம் என்றால் 75 முதல் 90 ஜிபி. கேமராவில் இரண்டு கார்டு இடம் இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிய வேண்டும். அன்றிரவே தூங்குமுன் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் நகல், மூன்றாவது நகல் வேறொரு கட்டடத்தில். வாடிக்கையாளர் கைக்குப் படம் போய்ச்சேரும் வரை கார்டை அழிக்கக் கூடாது. இந்த ஒழுங்கு இல்லாத குழுவில் உங்கள் மகள் சேரவே வேண்டாம், அவர்களுடைய படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அத்தை பயப்படும் பயணத்துக்கு வருகிறேன். பயணம் என்றால் கடற்கரைப் படம் என்று மகளும் நினைத்துக்கொண்டிருப்பாள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே போய்ச்சேர வேண்டும். மாற்று லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணிக்கு உட்பட்டவை சிக்கலில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எண் பேட்டரியின் மேலேயே அச்சாகியிருக்கும். குளிர்சாதன அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்ததும் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்க நீர் பூக்கும், மூடிய பையோடு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் கூலிக்குப் படமெடுப்பது பெரும்பாலான நாடுகளில் சுற்றுலா விசாவில் செல்லாது. கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர ‘ஏடிஏ கார்னே’ என்ற சுங்க ஆவணம் பல நாடுகளில் ஏற்கப்படுகிறது. இரவு வீடு திரும்புவதைப் பற்றி அத்தை கேட்பது நியாயமான கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய இடம் குழுத் தலைவர். குழுவில் வேறு பெண்கள் உண்டா, திரும்பும் வண்டி யார் செலவு, வெளியூரில் தனி அறையா என்று அவரிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு குழு.

எனக்கு உண்மையில் கவலை தருவது காது. ஒலிபெருக்கி அருகே 100 டெசிபெல் இருந்தால் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு. முதல் கூலியில் அவள் வாங்க வேண்டியது காதடைப்பான்.

செலவில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். முதல் வருடம் புதிய கேமரா வேண்டாம். பழைய கேமராவோடு 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, சிறிய சென்சார் என்றால் 35 மி.மீ., அதுவும் பயன்படுத்தியதாக இருக்கலாம். பயன்படுத்திய கேமரா வாங்குவதானால் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 24-70, 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸ்கள் எல்லாம் நிகழ்ச்சி வரும்போது வாடகைக்கு. கேமராவின் விலை சீக்கிரம் இறங்கும், நல்ல லென்ஸ் மதிப்பைத் தாங்கி நிற்கும், ஆகவே பணம் வந்தால் லென்ஸில் போடட்டும். கூடவே கட்டணம் குறைந்த ஒரு பட்டப் படிப்பைத் தபால் வழியிலோ மாலையிலோ படிக்கட்டும், கணக்கியலாக இருந்தால் ஒப்பந்தமும் வரியும் பிற்பாடு பயமுறுத்தாது. கூலி இல்லை, அனுபவம்தான் கூலி என்று சொல்லும் குழுவில் இரண்டு மூன்று நிகழ்ச்சி பார்த்துக்கொள்ளலாம். நான்காவதிலும் அதையே சொன்னால் அவளுக்கு அங்கே வேலையில்லை. எடுத்த படங்களைத் தன் மாதிரித் தொகுப்பில் காட்டும் உரிமை தனக்கு உண்டா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்க வேண்டும். பின்னால் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

ஒன்று நிச்சயம் நடக்கும். இப்போது இது ஒரு வேலையா என்று கேட்கும் உறவினர்களே, ஆறு மாதம் கழித்து, எங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பழகுவதற்காக எடுத்துக்கொடு என்று வருவார்கள். இலவசம் என்பதைச் சொல்லாமலே சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். ஒரே கேமரா, உதவிக்கு ஆளில்லை, மறுபடி எடுக்க முடியாத நிகழ்ச்சி. கார்டு பழுதானால் போவது படம் மட்டுமில்லை, உறவும் போகும். கூலி வாங்கும் ஒரு படக்காரர் இருக்கட்டும், அவர் சம்மதித்தால் மகள் விருந்தினராக ஓரத்தில் நின்று எடுக்கட்டும்.

அவளுடைய விருப்பம் எத்தனை ஆழம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், பிடித்த படங்களைக் காட்டச் சொல்லாதீர்கள். ஒரு வீட்டு விசேஷத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை எடுத்து, தானியங்கி முறையைத் தொடாமல், 300 படமாகத் தேர்ந்தெடுத்து அடுக்கித் தரச் சொல்லுங்கள். எடுப்பதற்கு நாலு மணி நேரம், தேர்ந்தெடுத்துத் திருத்த மூன்று நான்கு நாள் ஆகும். அந்த நாட்களில் மேசையை விட்டு எழுந்திருக்கச் சலிப்பு வருகிறதா, உட்காரச் சலிப்பு வருகிறதா என்று கவனியுங்கள்.

கல்லூரி முன்பணத்துக்குக் கடைசி நாள் எது என்று கடிதத்தில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குள் இரண்டு நிகழ்ச்சிகளிலாவது அவள் விளக்கைப் பிடித்துவிட்டு வந்திருக்கட்டும். அதன் பிறகு பெரியப்பாவையும் அவளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அவளை முதலில் பேச விடுங்கள்.