வீட்டில் கலக்கும் காக்டெயில் ஒரு நாள் சப்பென்று, ஒரு நாள் பல் கூசும் புளிப்பாக வருவது ஏன்?

கேள்வி இதுதான்: டைக்கிரியும் (ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு) விஸ்கி சவரும் (ரம்முக்குப் பதில் விஸ்கி) எப்போதும் ஒரே அளவில்தான் கலக்குகிறேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. விலை கூடிய ரம் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. ரம்மை மாற்றினால் மணம் மாறும், இந்தக் கோளாறு அப்படியே இருக்கும். செய்முறையில் எழுதப்படாத ஒரு பொருள் உங்கள் கோப்பையில் இருக்கிறது: ஐஸ் உருகிச் சேரும் தண்ணீர். மது, சாறு, பாகு மூன்றையும் அளந்து ஊற்றுகிறீர்கள், இதை மட்டும் யாரும் அளப்பதில்லை. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவது இந்தத் தண்ணீர்தான்.

டைக்கிரியையே எடுத்துக்கொள்வோம். 40 சதவீத வெள்ளை ரம் 60 மிலி, எலுமிச்சைச் சாறு 20 மிலி, சர்க்கரைப் பாகு 20 மிலி. மொத்தம் 100 மிலி, அதில் ஆல்கஹால் 24 சதவீதம். ஐஸோடு ஆட்டி வடித்தபின் அது 145 முதல் 150 மிலி வரை ஆகியிருக்க வேண்டும். அப்போது ஆல்கஹால் 16 சதவீதத்துக்கு வந்திருக்கும். அந்த இடத்தில்தான் புளிப்பும் இனிப்பும் ரம்மும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும். ஒருமுறை வடித்ததை நேராகக் கோப்பையில் ஊற்றாமல் அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 125 மிலிதான் நிற்கிறது என்றால் ஆட்டியது போதவில்லை. பல் கூசிய நாளில் நடந்தது பெரும்பாலும் இதுதான். சாறு அதிகமாகிவிட்டது என்று நினைத்து அடுத்த தடவை பாகைக் கூட்டியிருப்பீர்கள். குறைந்திருந்தது தண்ணீர். 170 மிலி வந்துவிட்டால் அது சப்பென்று இருந்த நாள்.

‘தண்ணீரே சேராமல் குளிரவைக்க வழியில்லையா’ என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஐஸோடு ஆட்டும்வரை இல்லை. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது சுமார் 334 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அதே ஒரு கிராம், ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வருவதற்கு இழுப்பது 38 ஜூல் மட்டும். ஆக, குளிர்ச்சியில் பெரும்பங்கு உருகுவதால்தான் கிடைக்கிறது. உருகாத ஐஸ் பெரிதாகக் குளிரவைக்காது. ஆல்கஹால் கலந்திருப்பதால் கலவை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 5 டிகிரி வரைகூட இறங்கும். ஐஸில் உப்பைப் போட்டால் குளிர் கூடுமே, அதே வேலைதான்.

ஐஸ் குறைவாகப் போட்டால் தண்ணீரும் குறையும் என்பதுதான் எல்லாரும் போடும் தப்புக் கணக்கு. மூன்று கட்டி போட்டு ஆட்டினால் மூன்றும் உருகித் தீர்ந்துவிடும், கலவையோ இன்னும் குளிர்ந்திருக்காது. பிறகு அதைச் சரிக்கட்ட கோப்பையிலும் ஐஸ் போடுவீர்கள், தண்ணீர் இரட்டிப்பாகும். ஷேக்கரில், அதாவது மூடி போட்டு ஆட்டும் பாத்திரத்தில், முக்கால் பங்கு ஐஸ் நிரம்பியிருக்கட்டும். பெரிய கட்டிகள் நல்லது. வெளியே பத்து நிமிடம் கிடந்து ஈரம் பூத்த ஐஸ் என்றால், ஷேக்கரில் போட்டவுடன் வாயைக் கையால் மறைத்து அடியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அது எந்தக் குளிர்ச்சியையும் தராமல் வெறுமனே கலக்கும் தண்ணீர். நொறுக்கிய ஐஸில் இந்த ஈரம் இன்னும் அதிகம், ஆட்டுவதற்கு அதை எடுக்கவே வேண்டாம். ஃப்ரீசரில் மீனோ வெங்காயமோ திறந்து கிடந்தால் அந்த வாடையும் ஐஸில் ஏறும், மூடி போட்ட தட்டில் உறையவையுங்கள்.

ஆட்டுவது 12 வினாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள், மனதுக்குள் எண்ணினால் ஐந்திலேயே நிறுத்திவிடுவோம். வேகமாக, ஐஸ் இரண்டு முனையிலும் மோதும்படி ஆட்ட வேண்டும். உலோக ஷேக்கரின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்து விரல் ஒட்டுகிற மாதிரி இருக்கும். 15 வினாடிக்கு மேல் ஆட்டினால் பாழ் என்று பயப்பட வேண்டாம், அதற்குள் கலவை குளிர வேண்டிய அளவு குளிர்ந்து, உருகுவதும் மந்தமாகிவிடும். பாழாக்குவது அதற்குப் பிறகு போனை எடுக்கப் போவது. ஆட்டி முடித்த கையோடு வடித்துவிட வேண்டும். ஷேக்கருக்குள் சோடாவோ டானிக்கோ ஊற்றி ஆட்டாதீர்கள், மூடி பிய்த்துக்கொண்டு அடிக்கும். அவை கடைசியில், கோப்பையில்.

அடுத்த சந்தேகம் பாகின் மேல். ‘ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர்’ என்று கப்பால் அளந்தால் சம அளவு வராது. கப் சர்க்கரை 200 கிராம், கப் தண்ணீர் 240 கிராம். தராசில் 100 கிராமுக்கு 100 கிராம் போட்டுக் கரையுங்கள், கொதிக்கவிட வேண்டியதில்லை, வெந்நீர் போதும். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். தண்ணீர் ஒன்றுக்குச் சர்க்கரை இரண்டு என்று கெட்டிப் பாகு செய்து வைத்திருந்தால் 20 மிலிக்குப் பதில் 14 மிலிதான் ஊற்ற வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் ‘ஒரே அளவுதானே போட்டேன்’ என்பார்கள்.

சாறு அன்றன்றைக்குப் பிழிந்தது. பாட்டிலில் வருவதில் சமைத்த வாடை இருக்கும், எந்த ரம்மாலும் அதை மறைக்க முடியாது. தோலோடு சேர்த்து நசுக்கிப் பிழிந்தால் கசப்பு இறங்கும், பிழிந்தபின் வடிகட்டுங்கள். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், அதனால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது தப்பில்லை. 20 மிலியில் 5 மிலி கூடுவது நாலில் ஒரு பங்கு கூடுவது. கண்ணளவில் ஊற்றுவது ரம்முக்குப் பரவாயில்லை, சாறுக்கு ஆகாது.

விஸ்கி சவரில் முட்டை வெள்ளை சேர்ப்பதாக இருந்தால் சுமார் 20 மிலி. முதலில் ஐஸ் இல்லாமல் 15 வினாடி ஆட்டி நுரை கட்டவிட்டு, பிறகு ஐஸ் போட்டு மறுபடி 12 வினாடி. ஐஸை முதலிலேயே போட்டால் நுரை மெலிந்து போகும். முட்டை பச்சையாகவே போகிறது என்பதால் புதிதாக இருக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் வேண்டாம்.

சாறு இல்லாத கலவைகளுக்கு ஷேக்கரே வேண்டாம். நெக்ரோனி என்ற காக்டெயிலுக்கு ஜின், காம்பாரி (கசப்பான சிவப்பு மது), இனிப்பு வெர்மூத் தலா 30 மிலி. கண்ணாடிக் குவளையில் ஐஸ் நிரப்பி நீளக் கரண்டியால் 30 வினாடி சுற்றுங்கள். ஆட்டினால் காற்றுக் குமிழ் ஏறிக் கலங்கும், சுற்றினால் பளிங்கு மாதிரி நிற்கும். இங்கே கெடுவது வேறு இடம்: வெர்மூத் மூலிகை சேர்த்த ஒயின் வகை, ஆல்கஹால் 15 முதல் 18 சதவீதம்தான். திறந்து அலமாரியில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் அழுகின ஆப்பிள் வாசம் வரும். ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

கூட என்ன சாப்பிடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். புளிப்புக் காக்டெயிலுக்கு எண்ணெயில் பொரித்த, உப்பான எதுவும் பொருந்தும், புளிப்பு வாயிலிருக்கும் கொழுப்பை வழித்துவிடும். காரம் தூக்கலான உணவோடு வேண்டாம். மிளகாய் சீண்டும் அதே நரம்பை ஆல்கஹாலும் சீண்டுவதால் எரிச்சல்தான் ஏறும். இனிப்புப் பண்டத்தோடும் எடுபடாது, நன்றாக அமைந்த டைக்கிரிகூட வெறும் எலுமிச்சைத் தண்ணீராகத் தெரியும்.