மச்சானின் எயார்போர்ட் பயணமும் உங்கள் வீட்டுத் தாலிக்கொடியும்

கேள்வி: நான் நிலாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர். வீடு திருகோணமலை டவுனில். கையில் வரும் சம்பளம் 82,000 ரூபா, மனைவி தையலில் 20,000 அளவில் எடுப்பார், இரண்டு பிள்ளைகள். லீசிங்கில் எடுத்த ஆல்டோ காருக்கு மாதம் 29,500 கட்டுகிறேன், இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. பெற்றோலுக்கு மட்டும் மாதம் 34,000 போகிறது. போன வருடம் லீசிங் பிந்தியபோது மனைவியின் காப்பு இரண்டையும் ஒன்றரை இலட்சத்துக்கு அடைவு வைத்தேன், மீட்க முடியாமல் வட்டியைக் கட்டிப் புதுப்பித்திருக்கிறேன். மச்சான் (மனைவியின் அண்ணன்) கராஜ் வேலை தெரிந்தவர். காரைக் காஸுக்கு மாற்றினால் செலவு பாதியாகும், கிட்டும் சாமானும் 180,000 முடியும், வீட்டு முற்றத்திலேயே பூட்டித் தருகிறேன், நிரப்புவதற்கு எங்கும் அலையத் தேவையில்லை, சமையல் சிலிண்டரையே டிக்கியில் வைக்கலாம் என்கிறார். தாலிக்கொடியை மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் அடைவு வைத்தால் அந்தக் காசு கிடைக்கும். மச்சானும் மாதம் இரண்டு தரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு இந்தக் காரில்தான் போகிறார், ஆகவே அவருக்கும் உதவியாக இருக்கும். செய்யலாமா? மனதுக்குள் பயமாகவும் இருக்கிறது.

பதில்: தம்பி, செய்யாதீர்கள். தாலிக்கொடியை வீட்டை விட்டு வெளியே கொண்டு போகாதீர்கள், அந்தச் சிலிண்டரையும் காரில் ஏற்றாதீர்கள்.

டயருக்குக் காற்றுப் பார்ப்பது, பிளக் மாற்றுவது, ஏசியைக் குறைப்பது எல்லாம் கணக்குத் தெரிந்த ஒரு ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் காஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மச்சான் மாதம் இரண்டு தரம் கட்டுநாயக்கா போகிறார் என்று. எனக்கு அந்த ஒரு வரிதான் முழுக் கடிதமும்.

கணக்கைப் பாருங்கள். டவுனிலிருந்து நிலாவெளிக்கு 15 கிலோமீற்றர், போய்வர 30. மாதம் 22 நாள் பாடசாலை என்றால் 660 கிலோமீற்றர். ஆல்டோ லீற்றருக்கு 16 ஓடும் என்று குறைத்தே வைக்கிறேன், 41 லீற்றர் வருகிறது. லீற்றர் 300 ரூபா என்று கணக்கை இலகுவாக்கினால் 12,400 ரூபா. உங்கள் குடும்பத்தின் சோற்றுக்காக அந்தக் கார் குடிக்கிற பெற்றோல் இவ்வளவுதான். நீங்கள் கொடுப்பதோ 34,000. மிச்சம் 21,600 ரூபா எங்கே போகிறது? கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று கட்டுநாயக்காவுக்குப் போய்த் திரும்பினால் 480 கிலோமீற்றருக்குக் குறையாது. இரண்டு பயணம் என்றால் அறுபது லீற்றர், 18,000 ரூபா. மிச்சம் 3,600 டவுனுக்குள் உங்கள் சில்லறைத் தேவைக்கும் யார் யாருக்கோவும் ஓடியது.

அதாவது உங்கள் பெற்றோல் செலவில் பாதிக்கு மேல் உங்களுடையதே இல்லை. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மற்றவர்களின் பயணத்துக்குப் போகிறது, அதனால் லீசிங் பிந்துகிறது, லீசிங் பிந்தியதால் காப்பு போனது, இப்போது அந்தப் பயணத்தை மலிவாக்குவதற்குத் தாலிக்கொடி போகப் பார்க்கிறது. காரில் எந்தப் பிழையும் இல்லை, பெற்றோலிலும் இல்லை. சாவி கேட்டால் கொடுத்துவிட்டு, குறைகிற காசுக்கு நகையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிற பழக்கம்தான் உங்களைத் தின்கிறது.

காஸ் மலிவுதானே என்று கேட்பீர்கள். மலிவுதான், பாதி விலை இல்லை. 12.5 கிலோ சிலிண்டர் 3,700 ரூபா என்று வைத்தால் கிலோ 296. ஒரு லீற்றர் பெற்றோல் தருகிற சக்தியைப் பெற ஏறத்தாழ 700 கிராம் காஸ் எரிய வேண்டும், அது 207 ரூபா. லீற்றருக்குத் தொண்ணூறு ரூபாவுக்குக் கொஞ்சம் மேல் மிச்சம், நூற்றுக்கு முப்பது அளவு. அதுவும் முழுத் தூரத்துக்கும் இல்லை, ஒழுங்கான கிட் பூட்டிய கார் பெற்றோலில்தான் ஸ்டார்ட் ஆகும், எஞ்சின் சூடாகிய பிறகுதான் காஸுக்கு மாறும். பத்தில் ஒரு பங்கு பெற்றோலிலேயே போகும் என்று வையுங்கள். பாடசாலைப் பயணத்தில் மட்டும் பார்த்தால் மாதம் 3,400 ரூபா மிஞ்சும். 180,000 ரூபாவுக்கு மாதம் ஒன்றரை வட்டி 2,700. முதல் மாதம் கடன்தொகையில் குறைவது 700 ரூபா! மிஞ்சுகிற ஒவ்வொரு சதத்தையும் அடைவிலேயே கட்டினாலும் தாலிக்கொடி திரும்பி வர ஒன்பது வருடம் ஆகும். லீசிங்கே மூன்று வருடத்தில் முடிந்துவிடும்.

மச்சானின் ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 9,500 மிஞ்சும், இரண்டு வருடத்தில் கடன் தீரும். மச்சான் உங்களுக்குச் சொன்ன கணக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் இந்தக் கணக்கு சரிவர வேண்டுமென்றால் இரண்டு வருடமும் கட்டுநாயக்கா ஓட்டம் உங்கள் செலவில் நிற்காமல் நடக்க வேண்டும். அந்த ஓட்டத்தை உங்கள் தலையிலிருந்து இறக்கினால் ஒரு ஆணிகூடக் கழற்றாமல் மாதம் 18,000 மிஞ்சுகிறதே, அதைப் பார்க்காமல் 9,500-ஐத் துரத்துவானேன்?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். எயார்போர்ட்டுக்குப் போகிறவர்கள் மச்சானிடம் ஏதாவது கொடுக்கிறார்களா? வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கைநீட்டாமல் இறங்கிப் போவது குறைவு. அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, வழிச்செலவு, சாப்பாடு என்று அவருக்கும் போயிருக்கும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினால் அது ஹயர். உங்கள் காப்புறுதி சொந்தப் பாவனைக்கு எடுத்தது. ஹபரணைக் காட்டில் இரவு யானை குறுக்கே வந்து ஏதாவது நடந்தால் (அந்தப் பாதை உங்களுக்குத் தெரியாததா) கம்பனி முதலில் கேட்பது யார் ஓட்டினார், யாரை ஏற்றினார், எதற்காக என்றுதான். பதில் பிழைத்தால் இழப்பீடு கிடைக்காது, லீசிங் மாத்திரம் மாதாமாதம் வந்து நிற்கும்.

இனிச் சிலிண்டர். இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதுவேன், ஏனென்றால் அந்தக் காரில் உங்கள் பிள்ளைகளும் ஏறுவார்கள். சமையல் சிலிண்டரும் வாகனத்துக்கான காஸ் தாங்கியும் ஒன்றல்ல. வாகனத் தாங்கியை எண்பது வீதத்துக்கு மேல் நிரப்ப முடியாதபடி அடைப்பு இருக்கும், எஞ்சின் நின்றால் தானாக மூடுகிற வால்வு இருக்கும், குழாய் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்துகிற வால்வு இருக்கும், டிக்கிக்குள் கசிந்தால் வெளியே போக வழி இருக்கும். அதிலிருந்து காஸ் திரவமாகவே வெளியே வந்து, எஞ்சினின் சூட்டுத் தண்ணீரில் ஆவியாகும். சமையல் சிலிண்டர் நிமிர்ந்து நின்று மேலிருந்து ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்குச் செய்தது. கார் இழுக்கிற வேகத்தில் இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து அமுக்கம் விழும், ஏற்றத்தில் கார் திணறும். டிக்கியில் படுக்க வைத்தால் ஆவி வர வேண்டிய வாயால் திரவம் வரும், அந்த ரெகுலேட்டர் அதற்கானதில்லை. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் டிக்கியின் அடியிலும் சீற்றுக்குக் கீழேயும் தங்கும், ஒரு சின்னப் பொறி போதும். 2021 கடைசியில் வீடுகளில் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் நாட்டையே உலுக்கின, அசையாமல் நின்ற சிலிண்டர்கள்தான் அவை. நீங்கள் அதை வெயிலில் சூடேறுகிற ஒரு டிக்கிக்குள் பூட்டி மேடுபள்ளத்தில் ஓட்டப் பார்க்கிறீர்கள்.

அப்புறம் கார் இன்னும் முழுதாக உங்களுடையது இல்லை. பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கிறது, அவர்களுடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எரிபொருளை மாற்ற முடியாது. பதிவில் எரிபொருள் பெற்றோல் என்று இருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும், காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். முற்றத்தில் பூட்டிய கிட்டுக்கு இதில் எந்தக் கடுதாசியும் கிடைக்காது. மச்சான் கெட்டிக்காரராக இருக்கலாம். எஞ்சின் வேலை தெரிவதும் அமுக்கத்தில் இருக்கிற காஸில் கைவைப்பதும் வேறு வேறு வேலை.

சமையலறையையும் யோசியுங்கள். இப்போதைய ஓட்டத்துக்கு மாதம் ஆறு சிலிண்டர் வேண்டும். எந்தக் கடைக்காரர் ஒரு வீட்டுக்கு மாதம் ஆறு கொடுப்பார்? 2022-ல் பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கும் வரிசை. சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊரே கான்களோடு நின்றது. பெற்றோல் இல்லாவிட்டால் பஸ்ஸில் போகலாம், அடுப்புக் காஸையும் கார் குடித்துவிட்டால் விறகுதான்.

கிட் என்ற பெயரில் இப்போது என்னென்னவோ விற்கிறார்கள். காஸ் கிட், தண்ணீரில் ஓட வைக்கிற ஹைட்ரஜன் கிட், பெற்றோல் குழாயில் பூட்டுகிற காந்தம், எல்லாவற்றுக்கும் தவணை வசதி வேறு. செலவைக் குறைக்கிற சாமானைக் கடன்பட்டு வாங்கச் சொன்னால் வட்டியை முதலில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

சரி, என்ன செய்வது?

இந்த மாதத்திலிருந்து காருக்கு ஒரு கொப்பி வையுங்கள். யார் எடுத்தார், எத்தனை கிலோமீற்றர், அவ்வளவுதான். உங்கள் தேவைக்குப் பாடசாலைக்கு 12,400, ஆஸ்பத்திரி, கோயில், கடை என்று இன்னொரு 2,600, மொத்தம் 15,000. அதற்கு மேல் உங்கள் கையிலிருந்து பெற்றோல் செட்டுக்கு ஒரு ரூபாவும் போகக் கூடாது. கட்டுநாயக்காவுக்குப் போக வேண்டியவர்களுக்கு பஸ் இருக்கிறது, கொழும்புக் கோட்டைக்கு ரயில் இருக்கிறது, சாமான் கூட என்றால் வான் பிடிக்கலாம், காசை அவர்களே பகிர்ந்து கொடுக்கட்டும். டிக்கற்றுக்கு இலட்சக்கணக்கில் கொடுத்தவருக்கு வானுக்குக் கொடுப்பது பாரமில்லை. சொந்தக்காரரின் அவசரம், வருத்தம், செத்தவீடு என்றால் கொடுங்கள், அதில் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை.

அப்படிச் செய்தால் மாதம் 19,000 கையில் நிற்கும். அதை அப்படியே காப்பு இருக்கிற அடைவில் கட்டுங்கள். முதலில் பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று வங்கியில் கேளுங்கள், விடாவிட்டால் வேறு சேமிப்புப் புத்தகத்தில் போட்டுச் சேருங்கள். ஒன்றரை இலட்சத்துக்கு மாதம் 2,250 வட்டி போக, ஒன்பது மாதத்துக்குள் இரண்டு காப்பும் வீட்டுக்கு வரும். புதுப்பிக்கப் போகிறபோது கவனம்: தங்க விலை ஏறியிருப்பதால் அதே காப்புக்கு இன்னும் கூடத் தருகிறோம் என்பார்கள். வாங்காதீர்கள். அது பரிசு இல்லை, கடன் பெருக்கிறது.

லீசிங் முடிந்து, நகை எல்லாம் வீட்டில் இருக்கிற ஒரு நாளில் காஸுக்கு மாற்ற ஆசை வந்தால், வாகனத் தாங்கியோடு, அனுமதியுள்ள இடத்தில், கையில் இருக்கிற காசுக்குச் செய்யலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது, வீட்டுக்குக் கிட்ட வாகனக் காஸ் நிரப்புகிற இடம் இருக்கிறதா என்பது.

மச்சானோடு நீங்கள் தனியாகப் பேசாதீர்கள். மனைவிக்கு இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள், காப்பும் கொடியும் அவருடையது, அண்ணனும் அவருடையவர், அவர் சொன்னால் அது குடும்பப் பேச்சாக இருக்கும். உங்கள் காரில் இனிப் பெற்றோல் அடித்துத் தருகிறவர்தான் பயணம் போகலாம் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்கு முன்னமே சொல்லிவிடுங்கள், ஆட்களை ஒப்புக்கொண்டு வந்து மச்சான் வாசலில் சாவிக்கு நிற்கிறபோது சொன்னால் அவருக்கும் வெட்கமாகிவிடும், நீங்களும் வழக்கம்போலக் கொடுத்துவிடுவீர்கள்.