திரைக்கு முன்னால் இருப்பவர்: வாசகர் கேள்வி பதில்

பி.காம். முடித்து ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். செயலி, இணையதளம் வடிவமைக்கும் துறைக்கு வர ஆசை. ஒன்றரை லட்சம் கட்டி ஆறு மாதப் படிப்பில் சேரச் சொல்கிறார்கள். எனக்கு வரையவும் வராது, கோடிங்கும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது மேடம்?
வாசகி, திருப்பூர்

அந்தப் பணம் இப்போதைக்கு உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். கட்டம் போடவும் கோடு இழுக்கவும் தெரிந்தால் போதும், அதற்கு மேல் ஓவியத் திறமை தேவையில்லை. திரைகளை வரைந்து பார்க்க உதவும் ஃபிக்மா மென்பொருளை யூடியூப் பார்த்தே சில வாரங்களில் பழகிவிடலாம். நாள் பிடிப்பது வேறொன்று: ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கவனிக்கும் பழக்கம்.

அதற்கு உங்கள் அலுவலகமே நல்ல இடம். ஆர்டர் பதிவு செய்பவரின் மானிட்டர் ஓரத்தில் துண்டுச் சீட்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். 'முதலில் பையர் கோடு, அப்புறம் ஸ்டைல் நம்பர்' என்று எழுதியிருந்தால், அந்த வரிசையைத் திரை அவருக்குக் காட்டவில்லை. மென்பொருளில் உள்ள கணக்கையே தனியாக எக்செலிலும் வைத்திருக்கிறாரா? அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவருக்கு எந்தத் தகவல் ஒரே பார்வையில் வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான். சேவ் கொடுத்த பிறகும் பதிவானதா என்று திரும்ப உள்ளே போய்ப் பார்க்கிறார் என்றால், திரை அவருக்குப் பதில் சொல்லவில்லை. டீக்கடைகளில் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி இருக்கிறதே, அது இந்தக் குறையைத்தான் தீர்த்தது. எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவர் போனைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

பார்த்ததை வைத்து ஒரு திரையைத் தாளில் பென்சிலால் வரையுங்கள். அதே ஊழியரிடம் கொடுத்து, "இந்த ஆர்டரைப் பதியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் விரலால் தொடும் இடத்துக்கு ஏற்ப அடுத்த தாளை நீங்கள் வைக்க வேண்டும். எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொண்டு, மாற்றி வரைந்து, மறுபடி கொடுங்கள்.

இது ஏழைகளுக்கான குறுக்குவழி என்று நினைத்துவிடாதீர்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் வீரர்கள் குரல் செய்தி அனுப்பவும் கேட்கவும் ஐபிஎம் ஓர் அமைப்பை உருவாக்கியது. 12 மொழிகளில் அது இயங்கியது. ஜான் கூல்ட் தலைமையிலான குழு, நிரல் எழுதும் முன்பே, வீரர் என்ன அழுத்துவார், இயந்திரம் என்ன சொல்லும் என்று தாளில் எழுதிப் பலரிடம் காட்டிக் கருத்துக் கேட்டது. அந்த இயந்திரத்தின் மாதிரியாக, உள்ளே ஒன்றுமில்லாத வெற்று உருளை ஒன்றைத் தங்கள் ஆய்வகத்தின் நடைவழியில் நிறுத்தி, போகிறவர் வருகிறவர் சொன்னதை எல்லாம் வாங்கிக்கொண்டது. கடைசியில், "இதை எப்படியாவது செயலிழக்கச் செய்யுங்கள்" என்று மாணவர்களிடம் விட்டுப் பார்த்தது. பயனரை ஆரம்பத்திலேயே சந்திப்பது, அளந்து பார்ப்பது, திருத்தித் திரும்பச் சோதிப்பது. கூல்டும் சக ஆய்வாளர் கிளேட்டன் லூயிஸும் 1985-இல் எழுதிய இந்த மூன்றுதான் இன்றைக்கும் அடிப்படை.

பாடமாகப் படிக்க வேண்டுமானால் ஐஐடிகளின் இணையவழிப் பாடங்கள் உள்ள என்பிடெல் (NPTEL) தளத்திலும், ஐஐடி மும்பை நடத்தும் வடிவமைப்புப் பாடத் தளமான டி-சோர்ஸிலும் இலவசமாகவே கிடைக்கிறது. முறையான முதுகலைப் படிப்பு வேண்டும் என்றால் ஐஐடிகளின் வடிவமைப்புப் படிப்புகளுக்கான சீட் (CEED) நுழைவுத்தேர்வை எழுதலாம். தேர்வு எழுத மூன்றாண்டுப் பட்டம் போதும், பி.காம். செல்லும்.

மருத்துவமனை முன்பதிவுச் செயலி செய்கிறோம். ஐந்து பேரிடம் சோதித்துக் குறைகளைச் சொன்னேன். "ஐந்து பேரை வைத்து எப்படி முடிவெடுப்பது? 200 பேரிடம் சர்வே எடு" என்கிறார் மேனேஜர்.
வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, நீங்கள் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள். எத்தனை சதவீதம் பேர் என்று சொல்ல ஐந்து பேர் போதாது, அதில் மேனேஜர் சரி. எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்க ஐந்து பேர் தாராளம். ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் கொடுத்த கணக்குப்படி, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுப்பார். ஐந்தாவது ஆள் முடிக்கும்போது சுமார் 85 சதவீதம் வந்துவிடும். ஆனால் ஐவரும் ஒரே வகைப் பயனராக இருக்க வேண்டும். நோயாளிகள் ஐந்து பேர் என்றால், வரவேற்பறையில் இருப்பவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். 15 பேர் கிடைத்தால் ஒரே மூச்சில் சோதிக்காமல், ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று போங்கள்.

சர்வேயில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊரில் முகத்துக்கு நேரே "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். மனம் நோகக்கூடாது என்ற பண்பு அது. அதனால் கருத்தைக் கேட்காமல் வேலையைக் கொடுங்கள்: "நாளைக் காலை கண் டாக்டரிடம் அம்மாவுக்கு நேரம் வாங்குங்கள்." உதவிக்குப் போகாதீர்கள். மேனேஜரையும் ஒரு நாள் பின்னால் உட்கார வையுங்கள்.

என் அம்மாவுக்கு 68 வயது. வங்கிச் செயலியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தும் திணறுகிறார். "எனக்குத்தான் புத்தி போதவில்லை" என்கிறார்.
வாசகி, தஞ்சாவூர்

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், குறை அவரிடம் இல்லை. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழைக் கொட்டினால் பாதி எழுத்து வெட்டுப்படும். 'பரிவர்த்தனை' என்பது 'பரிவர்...' என்று நிற்கும். நம் எழுத்துகளில் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கு நடுவே கூடுதல் இடமும் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தும் பல செயலிகளில் இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் விதிகளில் உள்ளதுதான்.

போன் செட்டிங்ஸில் எழுத்தளவைக் கூட்டிப் பாருங்கள். அதில் பொத்தான் திரையை விட்டு வெளியே போனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்தப் பக்கம், எந்த போன் மாடல் என்று எழுதி வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். "செயலி சரியில்லை" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. படத்தோடு வந்த புகாரை டெவலப்பர் தன் திரையில் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியும்.