சில பதிவுகளில் மட்டும் சைட்பார் கீழே விழுகிறது, மொபைலில் பக்கம் ஆடுகிறது: எங்கிருந்து தேடுவது?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், வேர்ட்பிரஸ்ஸில் நீங்களே நடத்தும் தளம். சில பதிவுகளில் மட்டும் சைட்பார் (கட்டுரைக்குப் பக்கத்தில் நிற்கும் பட்டை) கட்டுரைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது, மொபைலில் பக்கம் இடவலமாக ஆடுகிறது. மூன்று நாளாக சிஎஸ்எஸ்ஸை, அதாவது பக்கத்தின் தோற்றத்தை முடிவுசெய்யும் விதிகளை, மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், ஒன்றும் அசையவில்லை.

முதலில் அந்த "ஒன்றும் அசையவில்லை" என்பதைப் பார்ப்போம். ஒருமுறை நானும் பாதி ராத்திரி வரை மார்ஜினைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். பொறுமை போய், பக்கத்தின் பின்னணியை அடிக்கிற பச்சையாக மாற்றினேன். பச்சை வரவேயில்லை. நான் திருத்திய கோப்பு ஒன்று, பிரவுசருக்குப் போய்க்கொண்டிருந்தது கேஷ் பிளகின் (பக்கங்களை வேகமாகத் தர நகல் சேமித்துவைக்கும் கூடுதல் நிரல்) சேர்த்துவைத்த பழைய நகல். அதனால் இப்போதெல்லாம் என் முதல் சோதனையே இந்தப் பச்சைதான். வரவில்லையா, வடிவமைப்பைத் தொடாதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிளகின் கேஷையும், சிடிஎன் (கோப்புகளின் நகலைப் பல இடங்களிலிருந்து தரும் சேவை) இருந்தால் அதன் கேஷையும் காலி செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் எஃப்12 அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் சிஎஸ்எஸ் கோப்புக்கு 404 (கோப்பு கிடைக்கவில்லை) வருகிறதா என்று பாருங்கள். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. சொந்தக் கணினியில் ஓடியது சர்வரில் ஓடாமல் போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். எச்டிடிபிஎஸ் பக்கத்தில் பழைய எச்டிடிபி முகவரியோடு சிஎஸ்எஸ்ஸைக் கூப்பிட்டாலும் பிரவுசர் தடுத்துவிடும்.

சரி, இப்போது சைட்பார். உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது: "சில பதிவுகளில் மட்டும்." எல்லாப் பக்கங்களும் ஒரே சிஎஸ்எஸ்ஸைத்தான் எடுக்கின்றன. அது தப்பாக இருந்தால் எல்லாப் பக்கமும் குலைய வேண்டும். அதனால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பதிவுகளின் உள்ளடக்கத்தைத்தான். வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டும்போது மூடும் டிவ் (பக்கத்தைப் பெட்டிகளாகப் பிரிக்கும் எச்டிஎம்எல் குறி) ஒன்று கூடுதலாக வந்திருக்கலாம். பிரவுசர் அதைத் தப்பு என்று சொல்லாது. வெளியே இருக்கும் பெட்டியை மூடச் சொல்கிறார்கள்போல என்று எடுத்துக்கொண்டு மூடிவிடும். பெட்டிக்குள் கட்டுரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய சைட்பார் வெளியே தள்ளப்பட்டுக் கீழே விழும்.

கண்டுபிடிக்க, எச்டிஎம்எல் தப்புகளைக் காட்டும் டபிள்யூ3சி வேலிடேட்டர் தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள், பொருந்தாத குறி இருந்தால் சொல்லிவிடும். எனக்குப் பிடித்தது இன்னும் முரட்டு வழி. பதிவை ஒரு டிராஃப்டாக நகல் எடுத்து, பாதியை அழித்துவிட்டு முன்னோட்டம் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி அழித்த பாதியில், இல்லாவிட்டால் மீதிப் பாதியில். அதையும் பாதியாக்குங்கள். 64 பத்தி இருந்தாலும் ஆறு தடவையில் ஒரு பத்திக்கு வந்துவிடலாம். (பின்னாளில் எல்லாப் பக்கமும் சேர்ந்து குலைந்தால், இதே பாதிக்குப் பாதி முறையில் பிளகின்களை நிறுத்திப் பாருங்கள். தீம் அப்டேட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தீம் கோப்பில் நேரடியாகச் செய்த திருத்தம் அப்டேட்டில் அழிந்துபோகும். மூலத் தீமைத் தொடாமல் தனியாக வைக்கும் சைல்ட் தீமில் செய்தது தப்பிக்கும்.)

மொபைலில் ஆடுவது தனிக்கதை. எதோ ஒன்று திரையைவிட அகலமாக இருக்கிறது, அவ்வளவுதான். எது என்று கண்ணால் தேடாதீர்கள். சிஎஸ்எஸ்ஸில் எல்லா எலிமென்ட்டுக்கும் (பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும்) பொருந்தும் நட்சத்திரக் குறியை (*) போட்டு, 1 பிக்சலில் சிவப்பு அவுட்லைன் கொடுங்கள். பார்டர் கொடுத்தால் அதுவே இடம் பிடித்து அளவைக் கெடுக்கும், அவுட்லைன் இடம் பிடிக்காது. வலது ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடலாம். பெரும்பாலும் நிலையான அகலம் கொடுத்த படமாகவோ, அட்டவணையாகவோ, இடைவெளியே இல்லாத நீளமான இணைப்பாகவோ இருக்கும். படத்துக்கு மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) 100 சதவீதம், இணைப்புக்கு ஓவர்ஃப்ளோ-ராப் (நீளமான சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது). அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ் போட்டு அதற்குள் மட்டும் நகரவிடுங்கள். ஃபிளெக்ஸுக்குள் (பெட்டிகளைப் பக்கம்பக்கமாக அடுக்கும் முறை) இருக்கும் பெட்டி சுருங்க மறுத்தால் அதற்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) 0 கொடுங்கள். தன் உள்ளடக்கத்தைவிடச் சிறிதாகாமல் அடம்பிடிப்பது அதன் இயல்பு.

வெளியே நீட்டுவதை ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டு மறைக்கச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். நான் தரமாட்டேன். நீட்டிக்கொண்டிருக்கும் அட்டவணையின் கடைசி நெடுவரிசையை யாராலும் படிக்க முடியாமல் போகும். வெளிப்பெட்டியில் அதைப் போட்டால் உள்ளே இருக்கும் ஸ்டிக்கி மெனுவும் (உருட்டும்போதும் திரையிலேயே ஒட்டி நிற்பது) ஒட்டுவதை நிறுத்திவிடும். அப்புறம் அது ஏன் ஒட்டவில்லை என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டிவரும்.

மேலே சொன்ன சோதனைகளைச் செய்யும் முன், மூன்று நாளாகச் சேர்த்த இம்பார்ட்டன்ட்களை (மற்ற விதிகளை மீறி ஒரு விதியைத் திணிக்கும் !important குறிகளை) எல்லாம் எடுத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை எந்த விதி எதை மிதிக்கிறது என்று எஃப்12-இல் பார்த்தாலும் தலை சுற்றும்.